நோயும் நன்றியறிதலும்

நன்றி என்னும் சொல் இக்கால வழக்கில் வாயாற் கூறும் உபசார மொழியாய் நிற்கின்றது. ஒருவர் நமக்கு நீர் மொண்டு தந்தாலும், வழி காட்டினாலும், அச்சொல்லைக் கூறி அப்பாற் செல்கின்றோம். பண்டைத் தமிழில் அச்சொல்லின் பொருள் வேறு. நன்றி என்பது நன்மை. பிறர் நமக்குச் செய்த நலம். திருவள்ளுவர் தம் நூலின் பதினோராம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றியறிதல் என்று பெயரிட்டார். அப்பெயரிற் கூறுதல் என்பது இல்லை; அறிதல் என்பதே உண்டு. செய்த நன்மையை முதற்கண் அறிதல் வேண்டும். அறிந்த பின்னரன்றோ கூறுதலும் கைம்மாறு செய்தலும் நிகழும்? இவ்வேறுபாட்டினை யாம் வகுப்பில் இலக்கணப் பொருளாகக் கற்றோம். அதன் மெய்ப்பொருளை எம் இல்லத்தில் ஒரு நோய் வந்து கற்பித்தது. அதனையே இக்கட்டுரையில் விளக்கப் புகுகின்றோம்.

எமது ஊர் கிருஷ்ணன்கோவில். மதுரையினின்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. மேற்கே நோக்கின் மலைத்தொடர் நீலநிறம் கொண்டு நிற்கும். தெற்கே சென்றால் வில்லிபுத்தூரும் அதனைக் கடந்து இராசபாளையமும் வரும். எம் தந்தையார் இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர்க்குப் பத்தாண்டுகளாக நீரிழிவு உண்டு. அதனை அவரும் ஒரு பொருட்டாகக் கொண்டிலர், யாமும் கொண்டிலேம். மாத்திரை உண்பார், சில நாள் மறப்பார், மறந்ததைக் கூறி நகைப்பார்.

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒருநாள், மழை பெய்து ஓய்ந்த மாலையில், பேருந்தினின்று இறங்கிக் குறுக்குவழியே நடந்து இல்லம் சேர்ந்தார். எம் அன்னையார் திண்ணையிற் பதிந்திருந்த அடிச்சுவடுகளைக் கண்டு திடுக்கிட்டார். ஒவ்வொரு வலக்காற் சுவட்டிலும் செந்நிறம் கலந்திருந்தது. சீமைக் கருவேல முள்ளொன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலிற் புகுந்து முறிந்திருந்தது. அது புகுந்தது அன்றோ முந்தைய நாளோ என்பதை எம் தந்தையாரால் சொல்ல இயலவில்லை. அவர்க்கு நோவே தோன்றவில்லை.

நோவில்லை என்று கேட்டு அன்று யாம் மகிழ்ந்தோம். எம் அறியாமை அத்துணை. அந்நோவின்மையே நோயின் கொடுமை என்பதைப் பின்னரே வைத்தியர் விளக்கினார். குருதியில் மிக்கு நிற்கும் சர்க்கரை பல ஆண்டுகளில் நரம்புகளைக் கெடுக்கின்றது. நரம்புகளுள் மிக நீண்டவை பாதத்திற்குச் செல்வன ஆதலின் அவையே முதலிற் கெடுகின்றன. நுண்ணிய குருதிக் குழல்களும் உடன் கெடுதலால் காயத்திற்குச் செல்லும் குருதி குறைகின்றது. ஆகவே காயம் பட்டதும் தெரிவதில்லை. பட்ட காயம் விரைவில் ஆறுவதும் இல்லை. நோவில்லாத கால் மேன்மேலும் நடந்து தன் காயத்தைத் தானே பெரிதாக்கிக் கொள்ளும்.

ஐந்தாம் நாள் இரவிற் காய்ச்சல் கண்டது. பாதம் வீங்கிக் கருநிறம் காட்டியது. விடுதியிலிருந்த எமக்குச் செய்தி வந்தபோது நள்ளிரவு. 108 ஊர்தியில் மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றனர். காலையே எடுக்க நேரலாம் என்று முதலிற் கூறினர். மூன்று நாள் அவ்வச்சத்தில் கழிந்தது. ஈற்றில் இரண்டு விரல்களை மட்டும் நீக்கி, அழுகிய தசையைக் களைந்து, பாதத்தைக் காத்தனர். அதன்பின் நான்கு திங்கள் எம் தந்தையார் இல்லத்திற் கட்டிலிற் கிடந்தார். நாள்தோறும் காயத்தைக் கழுவிக் கட்டுதல் எம் அன்னையாரின் கடமையாயிற்று. சனி ஞாயிறுகளில் எமது கடமையாயிற்று.

நிற்க. நோவு என்பதை நாம் அனைவரும் பகையென்றே கருதுகின்றோம். அதற்கு நன்றி செலுத்திய ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்திருக்கின்றார். அவர் பெயர் பால் பிராண்டு. 1914ஆம் ஆண்டிற் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோர்க்குப் பிறந்தவர். தந்தையார் 1929ஆம் ஆண்டில் அம்மலையிற் காய்ச்சலால் இறந்தார். அன்னையார் ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைநாட்டினரிடையே பணி செய்து, தொண்ணூறு வயதைக் கடந்து, 1974ஆம் ஆண்டில் இறந்தார். மைந்தர் இங்கிலாந்திற் சத்திரவைத்தியம் கற்று 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அக்காலத்துத் தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்தது. பிராண்டு அதனை ஐயுற்று ஆராய்ந்தார். தசையைத் தின்பது நோயன்று. நரம்பு கெட்டு உணர்ச்சி மாய்ந்தமையே அழிவிற்கெல்லாம் காரணம் என்று கண்டார். சுடுகலத்தைத் தொட்ட கை சுடுமென்று அறியாது பற்றியிருக்கும். ஆணி தைத்த கால் அறியாது நடக்கும். சில நோயாளர் இரவில் உறங்கி எழுங்கால் விரலின் ஒரு பகுதி குறைந்திருப்பதைக் கண்டு திகைத்தனர். இரவிற் காவலிருந்து நோக்கியபோது எலிகள் வந்து கடித்தமை வெளிப்பட்டது. கடியுண்டவர் விழித்திலர், நோவு இருந்தாலன்றோ விழிப்பர்? அதன்பின் ஒவ்வொருவர்க்கும் ஒரு பூனை கொடுக்கப்பட்டதாக அவர் தம் நூலில் எழுதியுள்ளார்.

அவர் வரலாற்றுள் எம் நெஞ்சைக் கவர்ந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒருமுறை இங்கிலாந்தில் நெடிய புகைவண்டிப் பயணத்தின் பின் இரவில் காலுறையைக் கழற்றுங்கால் தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாமையை உணர்ந்தார். ஊசியாற் குத்திப் பார்த்தார், நோவில்லை. ஆண்டு பலவாகத் தொழுநோயாளரோடு பழகியவராதலின் தமக்கும் அந்நோய் பற்றியது என்றே துணிந்தார். மனைவி மக்களைப் பிரிய வேண்டிவருமே என்று அவ்விரவு முழுவதும் உறங்காது வருந்தினார். விடிந்ததும் மீண்டும் ஊசியாற் குத்தினார். சுரீரென்று நோவு எழுந்தது. வண்டியில் நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தமையால் நரம்பு மரத்திருந்ததேயன்றிப் பிறிதில்லை. அந்நோவினைப் போல இனியதொன்றைத் தம் வாழ்நாளில் அவர் அறிந்ததில்லை. நோவினைத் தந்ததற்காகக் கடவுளைத் துதித்தார்.

பின்னர் 1966ஆம் ஆண்டில் அவர் அமெரிக்க நாட்டுக் கார்வில் என்னும் ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரிற் கற்ற பாடம் நீரிழிவாளரின் பாதத்திற்கும் பொருந்துமென்று ஆங்குக் காட்டினார். உணர்ச்சியற்ற காலிற்குக் கண்ணே உணர்ச்சியாக வேண்டும் என்பதே அப்பாடத்தின் சாரம். நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் நோக்குதல், செருப்பினுள் கல்லும் முள்ளும் உளவோவென்று கையால் தடவிப் பார்த்தல், வெறுங்காலால் நடவாமை, வெந்நீரைக் காலால் அன்றி உணர்ச்சியுள்ள பிறர் கையால் அறிதல் ஆகிய இவையே எம் தந்தையார்க்கு மதுரையில் தாதியர் கற்பித்தன. தமிழ்நாட்டுத் தொழுநோயாளரிடம் கற்ற உண்மை உலகைச் சுற்றிவந்து எம் இல்லத்துத் திண்ணையை அடைந்தது. அவர்களுட் பெரும்பாலோர் பெயரை உலகம் அறியாது. அவர்கட்கு எம் குடும்பம் கடன்பட்டுள்ளது என்பதை அறிந்ததே எம் முதல் நன்றியறிதல்.

இனி, இரண்டாவது. மருந்தென்னும் பொருளை நோக்குவோம். எம் தந்தையார்க்கு மாத்திரை போதாமையால் இன்சுலின் ஊசி வகுக்கப்பட்டது. எம் தங்கை அதனை இடக் கற்றுக்கொண்டாள். அம்மருந்து கண்டறியப்படுவதற்கு முன், இளமையிலேயே நீரிழிவுற்ற சிறார் பட்டினியால் சில காலம் உயிர் நீட்டித்துப் பின் மாய்வதே வழக்காயிருந்தது. 1921ஆம் ஆண்டில் கானடா நாட்டு டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். மெக்லியாடு அதற்கு இடனளித்தார். காலிப் மருந்தைத் தூய்மை செய்தார். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு அது முதன்முதல் இடப்பட்டது. கண்டறிந்தோர் அதன் உரிமையைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தபோது பெயரளவில் ஒரு டாலரே விலையாகக் கொண்டனர். கோடி கோடியாகப் பொருள் ஈட்டியிருக்கலாம், ஈட்டிலர். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டிற் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவொன்று தொடங்கினார். இக்காலத்தே, 2021ஆம் ஆண்டிற் பிறந்த மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால், தன்னார்வப் பெண்ணொருவர் திங்கள்தோறும் எம் வாயிலில் வந்து நின்று, ஐயா எப்படி இருக்கிறார் என்று வினவுகின்றார். எம் தங்கை கையிலுள்ள சிறு ஊசியின் பின்னே இத்துணைப் பேர் நிற்கின்றனர்.

மூன்றாவது, காயத்தைக் கட்டும் துணி. இதனை விரித்துக் கூற எமக்கு ஆசை மிகுதி. ஏனெனில் இஃது எம் நாட்டுப் பொருள். ஒருநாள் எம் அன்னையார் காயம் கழுவுங்கால், எம் தந்தையார் அம்மெல்லிய வெண்டுணியின் ஒரு துண்டை எடுத்து விரலிடையே தேய்த்துப் பார்த்தார். ஓர் இழையை உருவி வெளிச்சத்திற்கு நேரே பிடித்தார். பல கிழமையாகச் சோர்ந்திருந்த முகம் சற்றே மலர்ந்தது. “இது நம்ம பக்கத்து நூல் மாதிரி இருக்கே” என்றார். உறையிலிருந்த முகவரியை யாம் படித்தோம். சத்திரப்பட்டி என்று இருந்தது.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் மருத்துவத் துணி நெய்தற்குப் பேர்பெற்றவை. இந்நாட்டின் பல மாநிலத்து மருத்துவமனைகட்கும் ஆங்கிருந்து துணி செல்கின்றது. இராசபாளையத்தில் 1936ஆம் ஆண்டிற் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார்; பின்னர் ஆலைகள் பல எழுந்தன. ஆலையில் நூற்ற நூல் தறிக்குச் சென்று துணியாகின்றது. காயத்துணி நெய்வதில் ஒரு நுட்பம் உண்டு. உடுக்கும் ஆடையை நெருக்கி நெய்வர். இதனையோ பாவும் ஊடும் விலகி நிற்க, காற்றும் நீரும் புக, நெகிழ நெய்வர். தறியினின்று இறங்கிய துணி அப்படியே பயன்படாது. பருத்தியிழையின்மேல் இயற்கையாகவே மெழுகுப் பொருள் படிந்திருத்தலால் அது நீரை ஏற்காது, நீரிலிட்டால் மிதக்கும். காரம் கலந்த நீரிற் கொதிக்க வைத்து அம்மெழுகை நீக்கி, வெளுத்து, அலசி, உலர்த்திய பின்னரே அது குருதியையும் சீழையும் உறிஞ்சும் தன்மை பெறுகின்றது. நன்கு பக்குவமான துணியை நீரிலிட்டால் சில நொடிகளில் மூழ்கிவிடும்.

எம் தந்தையார் இருபத்தாறு ஆண்டுகளாகத் தாம் நூற்ற நூல் எங்குச் சென்றது என்று ஒருநாளும் எண்ணியவரல்லர். வேலைக்குச் சென்றார், கூலி பெற்றார், எம்மை வளர்த்தார். அன்றோ, தாம் அறியாத எத்தனையோ பேரின் புண்ணைத் தம் கைந்நூல் கட்டியிருக்கக்கூடும் என்று முதன்முறையாக எண்ணினார். அவ்வெண்ணம் அவர் வாயினின்று வெளிவரவில்லை; ஆயினும் அன்றுமுதல் அத்துணியை வீசாமல் சிக்கனமாக எடுக்குமாறு தங்கையிடம் சொல்வார். நன்மை செய்தவரை அறிதல் ஒருவகை இன்பம். தாமும் அறியாமலே நன்மை செய்திருக்கின்றோம் என்று அறிதல் அதனினும் ஆழ்ந்த இன்பம் போலும்.

நான்காவது, உடனிருந்து பேணுவோர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிப்பாட்டு வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திருந்து இயற்றுவோன் என்பன அவை. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். உழை என்பது பக்கம். பக்கத்திற் சென்று நிற்பவன் என்பதே அப்பெயரின் பொருள். வைத்தியனையும் மருந்தையும் ஒருபாலிட்டு, அவற்றோடு ஒப்ப இவனை ஒரு கூறாக வைத்த பெருமை நோக்கற்பாலது. நந்நான்கு இயல்பு ஒவ்வொரு கூறுக்கும் உண்டு என்பர் உரைகாரர். நோயின் நிலையை எடுத்துணர்த்துதல் நோயுற்றவன் இயல்புகளுள் ஒன்று என்பது பரிமேலழகர் உரை. எம் தந்தையார் கால் ஊமையாயிற்று. ஆதலின் அவரால் நோய்நிலை உணர்த்த இயலவில்லை. திண்ணையிற் சுவட்டைக் கண்ட எம் அன்னையாரே அவர்க்காக அதனை உணர்த்தினார். நான்காம் கூறு முதற்கூற்றின் குறையையும் நிரப்பிற்று.

எம் அன்னையார் மட்டுமல்லர். எதிர்வீட்டு அத்தை நாள் தவறாது முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டுவந்தார். ஆலைத் தோழர் இருவர் தம் முறைவேலை முடிந்து இரண்டு பேருந்து மாறிவந்து, பேசப் பொருளின்றிச் சற்றுநேரம் சும்மா அமர்ந்து சென்றனர். அச்சும்மா இருத்தலும் ஒரு மருந்தாக இருந்தது.

ஈண்டு ஒரு தடை எழும். இரண்டு விரல்களை இழந்து, வேலையும் கேள்விக்குறியாகி, கடனும் தலைமேல் நிற்க, நன்றி என்று பேசுவது போலி அன்றோ என்று கேட்கலாம். எம் அன்னையாரே கேட்டார். மருத்துவமனையினின்று மீண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, எம்மைக் காணவந்த உறவினர் ஒருவர், காலே போகாமல் விரலோடு போயிற்றே, இதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார். அன்னையார் மறுமொழி கூறாது சமையற்கட்டிற்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அன்றிரவு எம்மிடம், “எதுக்குப்பா ஸ்தோத்திரம் சொல்லணும்? முள்ளு குத்தினதுக்கா?” என்றார். தமிழ் ஆனர்ஸ் படிக்கும் எம்மிடம் அதற்கு விடை இருக்கவில்லை.

பின்னர் ஆராய்ந்தபோது எமக்குத் தோன்றியது இது. பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஸ்தோத்திரத்தைப் பற்றிக் கூறுமிடத்துத் தமிழ் வேதாகமம் ஏழாம் வேற்றுமையை ஆண்டிருக்கின்றது. நான்காம் வேற்றுமையை அன்று. எல்லா நிலையினுள்ளும் நன்றி என்பதே ஆங்குக் கருத்து. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் நான்காம் வேற்றுமையும் வருகின்றது; அதற்கு உரை கூறும் தகுதி எமக்கில்லை; ஏழாம் வேற்றுமையளவில் அமைகின்றோம். முள்ளிற்கு நன்றி கூற வேண்டுவதில்லை. முள் தைத்த காலத்தினுள்ளே யார் யார் பக்கத்து வந்து நின்றனர் என்று அறிதலே போதும். மேலும், அப்போஸ்தலரும் தம் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டினார் என்பதையும் நாம் மறத்தலாகாது. சங்கீதப் புத்தகத்திற் புலம்பல் நிறைந்த பாடல்கள் பல உள. அழுகையும் நன்றியும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை வெளியேற்றவில்லை. பிறர் நிலை நம்மினும் கேடுடையது என்று எண்ணி ஆறுதல் கொள்வதும் நன்றியறிதல் ஆகாது. பிறர் துன்பத்தின்மேல் எழுப்பிய மகிழ்ச்சி அது.

இப்பொருளை மேனாட்டு உளநூலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் எம்மன்ஸ், மக்கல்லோ என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நரம்புத்தசை நோயுற்ற சிலரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை 21 நாள் தாம் நன்றியுடன் நினைத்தற்குரியவற்றை நாள்தோறும் எழுதச் செய்தனர். எழுதியோர் மற்றையோரினும் மனமகிழ்ச்சி மிக்கவராயும், நெடுநேரம் உறங்குபவராயும் இருந்தனர். நோய் நீங்கிற்று என்று அவர்கள் கூறவில்லை; நோயோடு வாழும் நாள் இலேசாயிற்று என்பதே முடிவு. உல்ரிக் என்பார் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட வேறோர் ஆராய்ச்சியும் உண்டு. பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 பேருள், சாளரத்தின் வழியே மரங்களைக் கண்டு கிடந்தவர், செங்கற் சுவரைக் கண்டு கிடந்தவரினும் விரைவில் இல்லம் திரும்பினர். நோவடக்கும் கடிய மருந்தும் அவர்க்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் தாம் நோயுற்றிருந்தபோது ஒருவர் அனுப்பிய காட்டுமலர்க் கொத்தைக் கண்டதுமுதல் விரைந்து தேறியதாகத் தம் செவிலியர் நூலில் எழுதியுள்ளார்.

யாம் இவற்றைப் படித்த பின், எம் தந்தையாரின் கட்டிலை மேற்குச் சாளரத்தின் அருகே இழுத்துப் போட்டோம். எம்மாற் செய்யக்கூடியது அவ்வளவே. ஆயினும் அன்றுமுதல் மலை எம் குடும்பத்தில் ஒருவராயிற்று. காலையிற் சாம்பல் நிறம், வெயில் ஏறப் பசுமை, மாலையிற் கருநீலம், மழை வருமுன் கைக்கெட்டும் அண்மை என அதன் மாற்றங்களை எம் தந்தையார் எமக்கு எடுத்துரைப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக அம்மலையின் அடியில் வாழ்ந்தும் யாம் அதனை நோக்கியதில்லை என்பது அப்பொழுது தெரிந்தது.

இரவுக் குடும்ப ஜெபத்தின்போது ஒவ்வொருவரும் அன்றைய நாளில் அறிந்த ஒரு நன்மையைச் சொல்வது என்று ஏற்படுத்திக்கொண்டோம். முதற்கிழமை பெரியனவற்றையே தேடினோம்: உயிர், வைத்தியர், காப்பீட்டுப் பணம். அவை தீர்ந்தன. பின்னர்ச் சிறியன வந்தன. நடத்துனர் வீட்டெதிரே பேருந்தை நிறுத்தினார் என்றாள் தங்கை. இன்று காயத்தில் நாற்றமில்லை என்றார் அன்னையார். புதிய தலையணை உறையின் வெயில்மணம் என்றார் தந்தையார். சில இரவுகளில் அவர் ஒன்றும் சொல்லாதிருப்பார். அந்நாட்களில் அவரை வற்புறுத்தியதில்லை. விளக்கை அணைத்து உறங்கச் சென்றோம்.

மாசித் திங்களில் ஒரு மாலை, தடித்த அடியுடைய புதுச்செருப்பு அணிந்து, எம் தோளைப் பற்றிக்கொண்டு, அவர் கட்டிலினின்று வாயில்வரை நடந்தார். தங்கை அடிகளை எண்ணினாள், பதினேழு. வில்லிபுத்தூர்ப் பால்கோவா எம் தந்தையார்க்கு உயிர். நோய் கண்டபின் அது விலக்கு. அன்று தங்கை கடுகளவு கிள்ளி அவர் நாவில் வைத்தாள். வைத்தியர் இம்மலரைப் படிக்கமாட்டார் என்று நம்புகின்றோம். தந்தையார் அதனை விழுங்காது நெடுநேரம் வாயில் வைத்திருந்தார். எம் அன்னையார் பல திங்களுக்குப் பின் வாய்விட்டு நகைத்தார். நலமாயிருந்த காலத்தில் அரைப்படி உண்டும் அத்துணைச் சுவையை அவர் அறிந்திருப்பாரோ என்பது ஐயமே.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலனாகும். நரம்பு மரத்த பாதம் தன்னைத் தாங்கும் நிலத்தையும் அறியாது. தன்னைக் குத்தும் முள்ளையும் அறியாது. நலமிக்க நாட்களில் எம் இல்லமும் அவ்வாறே மரத்திருந்தது. தாங்குவோரையும் அறிந்திலேம், நெருங்கும் தீங்கையும் அறிந்திலேம். நோய் வந்து உணர்ச்சி மீண்டது. அவ்வுணர்ச்சியில் நோவும் உண்டு, இன்பமும் உண்டு. ஒன்றை விலக்கி மற்றொன்றைப் பெறுதல் இயலாதென்று தோன்றுகின்றது. நன்றியறிதல் என்பது அவ்விரண்டையும் உணரும் நெஞ்சின் நலமே.

எம் தந்தையார் இன்னும் முழுநலம் பெற்றாரல்லர். ஆலையில் நின்று செய்யும் வேலைக்கு மீளுதல் அரிது. அமர்ந்து செய்யும் வேலை கிடைக்கலாம் என்று கூறியுள்ளனர். கிடைக்குமோ, அறியோம். ஒவ்வொரு நாளும் மாலையில் அவர் உள்ளங்காலின் கீழே கண்ணாடியை வைத்து எம் அன்னையார் நோக்குகின்றார். ஒன்றுமில்லை என்று அவர் கூறும் அச்சொல்லே இப்பொழுது எம் இல்லத்திற் கேட்கப்படும் இனிய சொல்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ அன்பர்களையும் பழைய மாணவர்களையும் ஒன்று வேண்டிக்கொள்கின்றோம். விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், நீரிழிவுள்ள பெற்றோரோ பாட்டனாரோ இருப்பின், அவர்தம் பாதத்தை ஒருமுறை கையிலெடுத்து நோக்குவீராக. வெட்கப்படுவர், வேண்டாமென்பர், விடாது நோக்குவீராக. காயம் இருப்பின் காலத்தே காணலாம். இல்லையாயின், நம்மைச் சுமந்து நடந்த கால்களை ஒருமுறையேனும் அறிந்தவராவோம். செய்ந்நன்றியறிதல் அங்குத் தொடங்கலாம்.